மூடாத வளையம்

ஆவுடைத்தாய் அன்று கேள்வி கேட்க வரவில்லை. கையெழுத்து வாங்க வந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமையோடு அவளுடைய ஆறு வருஷ முனைவர் பட்டப் பதிவு முடிகிறது. அதற்குள் ஆய்வுச் சுருக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு வருஷ நீட்டிப்பு கேட்கலாம். கொடுப்பார்கள் என்று நிச்சயமில்லை.

மெஹருன்னிசாவின் அறை இயற்பியல் துறையின் கோடியில் இருந்தது. மெஹருன்னிசா கடையநல்லூர்க்காரி. ஆவுடையின் ஆய்வுக்கு வழிகாட்டி. ஆனால் வயதில் ஆவுடைக்கு ஏழு வருஷம் இளையவள். அதனால் குரு சிஷ்யையை 'அக்கா' என்பாள், சிஷ்யை குருவை 'மேடம்' என்பாள். இருவருக்கும் அது பழகிப் போயிருந்தது.

"கேள்வி ஒண்ணும் இல்லையா அக்கா?"

"இல்ல மேடம். எல்லாம் முடிஞ்சுட்டு."

"முடிஞ்சுட்டுன்னு சொல்றவங்களப் பாத்தா எனக்குப் பயம்."

ஆவுடை சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேதியியல் நடத்துகிறவள். பாடம் முடிந்த பிறகு கரும்பலகையை அழிக்கிற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது.

மெஹருன்னிசா அவள் நீட்டிய ஆய்வுக் கோப்பைப் புரட்டினாள். நாற்பத்தியோராம் பக்கத்தில் நின்றாள். அங்கேதான் அந்த வளையம் இருந்தது.

சில பீங்கான்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கமாக மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே அணுக்கள் அந்தப் பக்கம் சாயும். கொடுத்ததை நிறுத்திய பிறகும் சாய்ந்தது சாய்ந்தபடியே கிடக்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால்தான் திரும்பும். போன வழியும் வந்த வழியும் வேறாக இருப்பதால், கருவி அதை ஒரு வளையமாக வரைந்து காட்டும்; வளையம் பெரிதானால் ஞாபகமும் கூடுதல் என்று கணக்கு. ஃபெர்ரோஎலக்ட்ரிக் என்று அதற்குப் பெயர். ஆவுடை தன் மாணவிகளிடம் 'ஞாபகம் உள்ள பீங்கான்' என்று சொல்லுவாள்.

அந்தப் பீங்கானை அவள் எலுமிச்சைச் சாற்றில் செய்தாள். புளியங்குடிச் சந்தையில் வாங்கிய பழம். பேரியம் உப்பையும் டைட்டானியம் கரைசலையும் சாற்றில் கலந்து, ஹாட் பிளேட்டில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் பாகு போல இறுகும். இன்னும் சூடாக்கினால் பொங்கும், ஓரத்தில் பொறி பிடிக்கும், கருஞ்சாம்பலாக அடங்கும். சாம்பலை உலையில் வைத்தால் வெள்ளைப் பொடி. பொடியை வில்லையாக அழுத்தி மறுபடி சுட்டால் பீங்கான். விலை கூடிய மருந்து எதுவும் வேண்டாம், கழிவும் இல்லை.

ஆய்வக உதவியாளர் சுடலைமுத்து அவளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "டீச்சரம்மா, ஊறுகா எப்ப எறக்குவீங்க?"

பெரிய வளையம் கிடைத்த பிறகு அவரும் கேலியை விட்டுவிட்டார். பத்திரிகையில் படம் வந்தது. பள்ளிக்கூட வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் ஆவுடையின் தலையைவிட எலுமிச்சம்பழம் பெரிதாக இருந்தது.

"இது எங்க எடுத்த அளவு?" என்றாள் மெஹருன்னிசா.

"நம்ம கருவி பழுதாக் கெடந்துச்சுல்லா மேடம். வெளியூர்ல போயி எடுத்தேன்."

"சூடேத்தி எடுத்தீங்களா?"

"ஒரு மணி நேரந்தான் குடுத்தாங்க. அறைச் சூட்டுல மட்டும் எடுத்தேன்."

"நம்ம கருவிதான் போன வாரம் சரியாயிட்டே. வில்லை இருக்கா?"

ஆவுடை கைப்பையைத் திறந்தாள். வெண்ணெய்த் தாளில் மடித்து, பழைய குங்குமச் சிமிழ் ஒன்றில் வில்லைகளை வைத்திருந்தாள். எட்டணாக் காசு அளவு, இரண்டு முகத்திலும் வெள்ளிப் பசை.

மெஹருன்னிசா ஒன்றை எடுத்துக் கருவியின் எண்ணெய்க் கிண்ணத்தில் பொருத்தினாள். திரையில் வளையம் வந்தது. நாற்பத்தியோராம் பக்கத்தில் இருந்த அதே வளையம். கொழுத்து, உருண்டு, பார்க்க நிறைவாக இருந்தது.

"எத்தனை டிகிரியில ஞாபகம் போகும்?"

"நூத்தி இருபது மேடம்."

"போனா?"

"அணுவெல்லாம் நடுவுக்கு வந்துரும். வளையம் மூடிக் கோடாயிரும்."

"சரி."

மெஹருன்னிசா கிண்ணத்துக்கு அடியில் இருந்த மின் அடுப்பைப் போட்டாள். எண்ணெய் சூடேறத் தொடங்கியது. இருவரும் ஸ்டூல்களில் உட்கார்ந்தார்கள். எழுபது. தொண்ணூறு. நூற்றிப் பத்து.

நூற்றி இருபது. வளையம் அப்படியே இருந்தது.

நூற்றி முப்பது. இன்னும் கொஞ்சம் உப்பியது.

நூற்றி ஐம்பதில் அது எண்ணெயில் போட்ட பூரியைப் போல ஊதி நின்றது.

மெஹருன்னிசா அடுப்பை அணைத்தாள்.

"மறக்க வேண்டிய எடத்துல மறக்கலியே அக்கா."

ஆவுடை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மின்சாரம் உள்ளே தங்கவில்லை. ஊடே ஒழுகிப் போயிருக்கிறது. ஒழுகலும் வளையம் வரையும். சூடேற ஏற ஒழுகல் கூடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டு, குடம் நிறைகிறது என்று ஒரு வருஷம் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "சூடேத்தின படம் வேணும்னு பரிசோதகர் கேக்க மாட்டாரு மேடம்."

"கேக்க மாட்டாரு."

மெஹருன்னிசா இடுக்கியால் வில்லையை எண்ணெயிலிருந்து எடுத்தாள். ஆவுடை அதைத் திரும்பச் சொல்லவில்லை.

"பழைய வில்லை ஏதாவது இருக்கா? முதல்ல செஞ்சது?"

சிமிழின் அடியில் ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தியது. அதன் வளையம் வேப்பிலை போல ஒடுங்கியிருந்ததால், யாரிடமும் காட்டாமல் ஒதுக்கி வைத்திருந்தாள்.

எண்ணெய் ஆறும்வரை காத்திருந்து அதைப் பொருத்தினார்கள். வேப்பிலை வந்தது. சூடு ஏற ஏற இன்னும் மெலிந்தது. நூற்றி இருபதைத் தாண்டியதும் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொட்டு, ஒற்றைக் கோடானது.

மெஹருன்னிசா அடுப்பை அணைத்துவிட்டுக் கை கட்டிக்கொண்டாள். எண்ணெய் ஆறியது. நூற்றிப் பதினைந்தில் கோட்டின் நடுவே மயிரிழை போல ஒரு பிரிவு தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, வேப்பிலை திரும்பி வந்தது.

ஆவுடை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இதுக்கப்புறம் என்ன மாறிச்சு?" என்று கேட்டாள் மெஹருன்னிசா.

"ஒண்ணும் மாறல மேடம். அதே கடைப் பழம். அதே பாட்டில் உப்பு. அதே உலை."

"கை?"

"என் கைதான்."

"பெரிய வளையம் எப்பலேருந்து?"

"போன வருஷம் ஆடிக்கப்புறம் செஞ்சது எல்லாமே பெரிசுதான்."

"சாறு எங்க பிழியுதீங்க?"

"வீட்டுல. சாயங்காலம் பிழிஞ்சு மூடி வச்சு, காலையில கொண்டாருவேன். ஏழு மணிக்குக் கிளற ஆரம்பிச்சாத்தான் பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போக முடியும்."

மெஹருன்னிசா கோப்பை மூடினாள். கையெழுத்துப் போடவில்லை.

"இன்னைக்கும் பிழியுங்க. பிழிஞ்சுட்டு அதுக்குப் பக்கத்துலயே இருங்க."

"எதுக்கு மேடம்?"

"உலையப் பாத்துட்டோம். கருவியப் பாத்துட்டோம். சாற யாரும் பாக்கல."

பேருந்தில் ஆவுடைக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. வெளியே ஒன்றையும் பார்க்காமல் வந்தாள். புளியங்குடியில் இறங்கி நாற்பது பழம் வாங்கினாள்.

வீட்டில் அவளும் அவள் அம்மா வேலம்மாளும்தான். அம்மாவுக்கு மறதி. சொந்த ஊரில் கோயிலுக்குப் போனவள் திரும்பி வர வழி தெரியாமல் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தாள் என்று ஆள் வந்து சொன்ன அன்றைக்கு, ஆவுடை போய்க் கூட்டி வந்தாள். அது போன ஆடி மாதம். வந்த நாளிலிருந்து அம்மா இவளை 'டீச்சர்' என்றே கூப்பிடுகிறாள். யாரோ ஒரு டீச்சர் வீட்டில் தான் வந்து தங்கியிருப்பதாக அவளுக்கு நினைப்பு. நல்ல டீச்சர், நேரத்துக்குச் சோறு போடுகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

அடுக்களை ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. ஆவுடை பழங்களை நறுக்கிப் பிழிந்து, துணியில் வடிகட்டி, எவர்சில்வர் தூக்குச் சட்டியில் மூடி மேடைமேல் வைத்தாள். விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு கதவோரம் தரையில் உட்கார்ந்தாள்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். வேலம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அடுக்களைக்குள் போனதும் சுவரை விட்டுவிட்டாள். சட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்தாள். கை தேடாமல் நேராக உப்பு ஜாடிக்குப் போனது. மூன்று விரலில் ஒரு சிட்டிகை. கொஞ்சம் யோசித்து இன்னொன்று. கரண்டியால் கலக்கி, கரண்டியைச் சட்டியின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, மூடி வைத்தாள்.

அந்த இரண்டு தட்டை ஆவுடை நாற்பது வருஷத்துக்கு முன்பே அறிவாள்.

"என்னம்மா செய்யுத?"

வேலம்மாள் திரும்பினாள். பிடிபட்ட மாதிரி இல்லை. தெரியாதவளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரிச் சொன்னாள்.

"உப்புப் போடாம வச்சா விடியுததுக்குள்ள கசந்துரும் டீச்சர். எம்மவளுக்குக் கசப்பு ஆகாது. வாயில வச்சதும் துப்பிருவா."

ஆவுடையின் மடியிலிருந்து விடைத்தாள்கள் சரிந்தன.

"ஒங்க மவ யாரு?"

"ஆவுடை." வேலம்மாள் தெருவாசலை எட்டிப் பார்த்தாள். "பள்ளிக்கூடம் விட்டு வார நேரந்தான்."

ஆவுடை தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒரு வருஷம். எத்தனை சட்டி, எத்தனை சிட்டிகை. பொறுக்கி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

"வந்துருவா," என்றாள்.

புதன்கிழமை காலை அவள் ஆய்வகத்துக்கு வந்தபோது மெஹருன்னிசா முன்பே வந்திருந்தாள். ஆவுடை இரண்டு சோதனைக் குழாய் எடுத்தாள். ஒன்றில் வீட்டுச் சாறு. இன்னொன்றில், அங்கேயே ஒரு பழத்தை அறுத்துப் பிழிந்த சாறு. இரண்டிலும் கொஞ்சம் நைட்ரிக் அமிலம். பிறகு வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் செய்து காட்டுகிற சோதனை.

அங்கே பிழிந்த சாறு லேசாக மங்கியது. வீட்டுச் சாறு தயிராகத் திரைந்தது.

"உப்பு," என்றாள் ஆவுடை. "அதுதான் மின்சாரத்த ஒழுக விட்டுருக்கு."

"யாரு?"

"எங்கம்மா."

நடந்ததைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கேட்டு முடித்ததும் மெஹருன்னிசா, பூட்டியிருந்த மேசை இழுப்பறையைத் திறந்து பத்திரிகை நறுக்கு ஒன்றை எடுத்தாள். படத்தில் ஆவுடைக்குப் பக்கத்தில் அவளும் நின்றிருந்தாள்.

"நானும் சூடேத்திப் பாக்காமத்தான் பல்லக் காட்டிட்டு நின்னிருக்கேன்."

கோப்பை மேசையில் விரித்து வைத்தாள். நாற்பத்தியோராம் பக்கத்துக்கு அருகில் வேப்பிலை வளையத்தின் தாளையும் வைத்தாள். பேனாவை நடுவில் வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே சுடலைமுத்து யாரிடமோ தண்ணீர் வரவில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்.

ஆவுடை நாற்பத்தியோராம் பக்கத்தை உருவினாள். இரண்டாகக் கிழித்தாள். மறுபடி நான்காக. சத்தம் கேட்டு மெஹருன்னிசா திரும்பினாள்.

"ஒத்த வில்லைய வச்சு ஆய்வேடு எழுத முடியாது மேடம். முதல்லேருந்து செய்யணும். நீட்டிப்புக்கு எழுதிக் குடுங்க."

"குடுப்பாங்களான்னு தெரியாது."

"அதுவும் தெரியும்."

"குடுக்கலன்னா ஆறு வருஷமும் போச்சு அக்கா."

"இருந்தாலும் எழுதுங்க."

மெஹருன்னிசா தாள் எடுத்து எழுதத் தொடங்கினாள். என்ன பிழை, எப்படித் தெரிந்தது, யார் கவனிக்காமல் விட்டது. கடைசி வரியில் ஆவுடையின் பெயருக்கு முன்னால் தன் பெயரை எழுதினாள். ஆவுடை அதைத் தலைகீழாகவே படித்தாள்.

"ஃப்ளெக்ஸ்?"

"நானே அவுத்துருதேன். கொல்லையில அம்மா உக்கார எடத்துல வெயிலுக்குக் கட்டலாம். எம்மூஞ்சிய வானத்தப் பாத்துத் திருப்பிட்டா யாருக்கும் தெரியாது."

மெஹருன்னிசா சிரித்தாள். சிரிப்பு வந்த வேகத்தில் போய்விட்டது.

"இனிமே சாற இங்கேயே பிழிஞ்சுக்கிடுதேன் மேடம்," என்றாள் ஆவுடை. "பழத்த வீட்டுக்கே கொண்டு போகல. உப்பு ஜாடியையும் எட்டாத எடத்துல தூக்கி வச்சிட்டாத் தீந்துது."

மெஹருன்னிசா எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆவுடை சோதனைக் குழாயைத் தாங்கியில் வைத்தாள். திரைந்த வெள்ளை அடியில் படியத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்தபடி நின்றாள்.

"மேடம். நேத்து கேள்வி ஒண்ணும் இல்லையான்னு கேட்டீங்க."

"ஆமா."

"இப்ப ஒண்ணு இருக்கு."

மெஹருன்னிசா பேனாவை நிறுத்தினாள்.

"உண்மையான ஞாபகம்னா ஒரு சூட்டுல மூடிரணும். எங்கம்மாவுக்கு எம்மூஞ்சி மூடிட்டு. வீடு மூடிட்டு. எங்கப்பா போனதே மூடிட்டு. அந்த ஒரு சிட்டிகை மட்டும் எதுலயும் மூடல. அப்ப அது ஞாபகமா மேடம், ஒழுகலா?"

தாங்கியில் இருந்த குழாயை மெஹருன்னிசாவும் பார்த்தாள்.

"நேத்துச் சாறு மிச்சம் இருந்துதா?"

"அரைச் செம்பு இருந்துச்சு."

"என்ன செஞ்சீங்க?"

"காலையில தண்ணி விட்டுக் குடிச்சேன்."

"கசந்துதா?"

ஆவுடை உதட்டை ஒரு முறை நனைத்துக்கொண்டாள்.

"இல்ல மேடம்."

மெஹருன்னிசா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, மை உலர ஊதி, அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஜாடி இருக்க எடத்துலயே இருக்கட்டும். வீட்டுலயே பிழியுங்க அக்கா," என்றாள். "ரெண்டு சட்டியில. ஒண்ணு அம்மாவுக்கு."